ஒத்தடம்

நேரங்கெட்ட நேரத்தில் தோணியால் இறங்கி வரம்பு வழியே வருகிற ஆளைக் கண்டதும் புஸ்பத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். பதினொரு மணி கூட ஆகவில்லை. முற்றத்துக் கல்லடுப்பில் கிடாரம் நிறைய நெல் அவிந்துகொண்டிருந்தது. ஓலை மட்டையைத் தள்ளித் தள்ளி அவளுடைய முகமும் பாதி வெந்து போயிருந்தது. அக்கரையில் புருசனுக்கு வேலை கிடைத்து இன்றைக்கு நாலாவது நாள். அதற்குள் யாரோடோ வாயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். வினாயகமூர்த்திக்குக் கை எவ்வளவு பதமோ வாய் அவ்வளவு பதமில்லை.

"என்ன, கலைச்சுப் போட்டானுகளா?"

"சே. மஜீட் நானாதான் போய் ஆறச் சொன்னாரு. இஞ்ச பாரு கா."

இடது கையை நீட்டினான். சுட்டுவிரலின் நுனிச் சதையில் ஒரு பொட்டு. குண்டூசி குத்தி எடுத்த அளவுதான் இருக்கும். இரத்தம் கூட இல்லை. அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிறி, நகத்தின் ஓரத்தில் சாம்பல் நிறப் பெயின்ற் ஒட்டிக் காய்ந்திருந்தது. இதற்காகவா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்க வாய் வந்தது; ஓலை மட்டையை இன்னும் கொஞ்சம் அடுப்புக்குள் தள்ளினாள்.

துறையில் ஓடுகிற இரும்புப் பாதையைக் கரையில் இழுத்து வைத்திருந்தார்கள். சனத்தையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற அந்த மிதவையின் அடி முழுக்கத் துருப்பிடித்து, போன மாரியில் இரண்டு இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்க ஒரு கொந்தராத்துக்காரர் எடுத்திருந்தார். கொழும்பிலிருந்து ஒரு மெசின் வந்தது. அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் கூடவே வந்தான். தூரிகையால் ஒரு கிழமை அடிப்பதை மெசின் ஒரு நாளில் அடித்துவிடுமாம். இரண்டாம் நாள் பிரதான வீதியில் கிளைமோர்க் கண்ணி வெடித்தது. கொழும்புக்காரன் பின்னேர பஸ்ஸில் ஏறியவன்தான். மேற்பார்வைக்கு இருந்த காத்தான்குடி மஜீட், துருச் சுரண்டிக்கொண்டிருந்த எட்டுப் பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கை நடுங்காத ஆள் என்று மூர்த்தியிடம் கொடுத்தார். யாரும் பழக்கவில்லை. மெசினின் வாயில் விரல் படாமல் மறைக்கிற மஞ்சள் காது ஒன்று இருந்ததாம். பெயின்ற் கட்டிக் கட்டித் தொந்தரவு கொடுக்கிறது என்று கொழும்புக்காரனே அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"வாய் அடைச்சிட்டுது. தூரிகையை வழிக்கிற மாதிரி விரலால ஒரு வழி வழிச்சன். மற்றக் கை விசையில இரிந்தது நினைவில்ல. சுர் எண்டுது. ஊசி போட்ட மாதிரி. அவ்வளவுதான்."

"நோகுதா?"

"இல்ல. விறைச்ச மாதிரி."

மஜீட் களுவாஞ்சிக்குடிக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். மூர்த்தி ஓம் என்று தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரி இருந்த கரையை விட்டுத் தோணியேறி இந்தக் கரைக்கு வந்துவிட்டான். இந்தப் படுவான்கரை ஆம்பிளை காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், சண்டை நடந்த அந்தக் காலத்தில் யாரும் சும்மா விடுவதில்லை. எங்கே பட்டது, எப்படிப் பட்டது, யார் பார்த்தது என்று சென்றிக் காவலில் நிற்கிற ஆமிக்காரர்கள் கேட்டு எழுதுவார்கள். குண்டூசிக் குத்துக்கு அவ்வளவு கேள்விக்கும் யார் பதில் சொல்லிக்கொண்டிருப்பது?

பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை நெல் பதம் பார்க்க வந்தவள் விரலைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மூர்த்தி, பாதைக்கு அடிக்கச் சொன்னா விரலுக்கு அடிச்சிட்டு வந்திரிக்காய்? மற்ற ஒம்பதையும் ஆரு அடிக்கிற?"

"உங்கட வாய்க்கும் ஒரு பூச்சு அடிக்க மெசினக் கொண்டு வரட்டா மாமி?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சோற்றுக்கை தப்பியது பெரிய காரியம் என்று சொல்லிவிட்டுச் சீதேவிப்பிள்ளை போனாள்.

பன்னிரண்டு மணி தாண்டியபோது விரல் ஊதத் தொடங்கியது. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்தான். கடுப்பு. விரலில் தொடங்கி மணிக்கட்டுக்கு ஏறியது, பிறகு முழங்கைக்கு. புஸ்பம் விரலைப் பிடித்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. நுனி வெளிறி, தொட்டால் குளிர்ந்தது. அந்த நிமிடம் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. இது அவளுக்குத் தெரிந்த நோவு.

அவளுடைய அப்பன் நல்லரத்தினம் செத்துப் போகும் வரைக்கும் வாவியில் வலை போட்டவர். கெளுத்தி முள் குத்தினால் இப்படித்தான் இருக்கும்: ஒரு பொட்டுத் துளை, இரத்தம் வராது, வெளிறிப் போகும், ஊதும், கடுப்பு கையோடு ஏறும். அதற்குச் சூடுதான் மருந்து. தாங்கக்கூடிய அளவுக்குச் சுடுதண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டும். உப்பை வறுத்துச் சீலையில் கட்டி ஒத்த வேண்டும். நஞ்சு சூட்டுக்குத்தான் பணியும். பத்து வயதில் அப்பனுடைய காலுக்கு ஒத்தடம் கொடுக்கத் தொடங்கியவள் அவள். துறையில் யாருக்குக் குத்தினாலும் புஸ்பத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய கை பட்டால் கடுப்பு இறங்கும் என்று ஒரு பேர் இருந்தது. படிப்பும் இல்லாத, காணியும் இல்லாத பொம்பிளைக்கு அது சின்னப் பேர் இல்லை.

நெல் அவித்த நெருப்பு அப்படியே கிடந்தது. கிடாரத்து அடியில் ஆவி பறக்கிற தண்ணீர். வாளியில் அள்ளி விளாவி அவனுடைய கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். அவன் பல்லைக் கடித்தான். கொஞ்ச நேரத்தில் துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு வெளியே வந்து தண்ணீரில் எண்ணெய் மாதிரிப் படர்ந்தது.

"பார்த்தீங்களா? நஞ்சு கழருது."

"அது பெயின்ற் கா."

"எல்லாம் ஒண்டுதான். வரட்டும்."

இரண்டு மணியிருக்கும். கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு அவன் சொன்னான்: "புஸ்பம், ஆஸ்பத்திரிக்குப் போவமா? தோணி நிக்குது."

நின்றது. வீட்டு வாசலிலிருந்தே தெரிந்தது. தோணிக்காரன் கண்ணா மரத்தின் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ஆமியின் உத்தரவுப்படி ஐந்து மணிக்குப் பிறகுதான் வாவியில் எதுவும் ஓடக்கூடாது. அதற்கு இன்னும் மூன்று மணித்தியாலம் கிடந்தது. புஸ்பம் தாச்சியில் உப்பை வறுத்துக்கொண்டிருந்தாள். உப்பு வெடிக்கிற சத்தத்துக்கு மேலால் சொன்னாள்.

"இரிங்க. இன்னொருக்கா ஒத்தடம் வைப்பம். இதுக்கு மேல கடுப்பு ஏறாது. நான் பார்க்காத குத்தா?"

அவன் இருந்தான்.

அவள் ஒத்தினாள். கடுப்பு இறங்கவில்லை. இறங்காதபோது சூடு போதவில்லை என்று நினைத்தாள். இன்னும் சூடாக்கினாள். விரல் விறைத்துக் கிடந்ததால் சூடு எவ்வளவு என்று அவனுக்கே தெரியவில்லை. நாலு மணிக்குத் தோல் வெந்து கொப்பளம் போட்டிருந்தது. ஆறு மணிக்குள் உள்ளங்கையும் ஊதிவிட்டது. அப்போது தோணிகள் எல்லாம் கரையில் கவிழ்த்துக் கிடந்தன. அந்த இரவைப் பற்றிப் புஸ்பம் பிறகு யாரிடமும் பேசவில்லை. மூர்த்தி கத்துகிற ஆள் இல்லை என்று மட்டும் சொல்வாள்.

விடிந்ததும் முதல் தோணி. கையைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் நடுவில் இருந்தான். தோணிக்காரன் ஒருமுறை கையைப் பார்த்தான். பிறகு அக்கரையைப் பார்த்துக்கொண்டே வலித்தான். புஸ்பம் குனிந்து மெல்லச் சொன்னாள்: "சென்றியில கேட்டா கன் எண்டு சொல்லிராதீங்க. மெசின் எண்டு சொல்லுங்க." அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்தச் சாமானை ஸ்பிறே கன் என்றுதான் சொல்வார்கள். மூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை அதிர்ந்தது. நிறுத்திக்கொண்டான்.

மெசின் என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஆமிக்காரன் துவாயை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்ததும் இரண்டு அடி பின்னால் போனான். கை கை மாதிரி இல்லை. சுட்டுவிரல் கறுத்துச் சாம்பல் பூத்திருந்தது. மற்ற விரல்களில் வெந்த தோல் சுருண்டு தொங்கியது. உள்ளங்கை முழுக்கக் கொப்பளம்.

"இது என்ன? வெடி?"

"இல்ல சேர். பெயின்ற் மெசின். பாதை வேலை."

"பெயின்ற்... சுடுறது இல்ல. இது நெருப்பு. குண்டு செய்றது?"

சின்னப் பொடியன்தான். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. பயந்துபோயிருந்தான். பயந்தவனுடைய கையில் துவக்கு இருக்கும்போது அவனிடம் நியாயம் பேச முடியாது. புஸ்பம் முன்னால் போய் சுடுதண்ணீர், உப்பு, ஒத்தடம் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். நான்தான் சுட்டது, நான்தான் சுட்டது என்று தன்னுடைய நெஞ்சில் தட்டினாள். அவனுக்கு விளங்கவில்லை. ஒரு பொம்பிளை தன் புருசனுடைய கையை எதற்காக வேக வைக்க வேண்டும்? இருவரையும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுப் பெரியவனுக்குச் சொல்லி அனுப்பினான். பெரியவன் வரவில்லை. வெயில் ஏறியது. மூர்த்தி மண்மூட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். உடம்பு கொதித்தது.

எட்டரைக்கு வேலைக்கு வந்த மஜீட்தான் கண்டார். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பார்த்தவர், "அல்லாவே, மூர்த்தி, ஒன்ன நான் ஆசுபத்திரிக்கெல்லுவா போகச் சொன்னேன்?" என்றார். பிறகு ஆமிக்காரனிடம் சிங்களத்தில் படபடவென்று பேசினார். அடையாள அட்டையைக் கொடுத்தார். வேலை செய்கிற ஆட்களின் பேர் எழுதிய கடதாசியைக் காட்டினார். கடைசியில் அவனை நாலு எட்டு நடத்திக் கொண்டுபோய்ப் பாதையின் பாதி சாம்பலாகவும் பாதி துருவாகவும் இருந்த பக்கத்தைக் காட்டினார். ஆமிக்காரன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். புஸ்பத்தைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொல்ல நினைத்து, வார்த்தை கிடைக்காமல், தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

மஜீட் பிடித்து, தானும் கூட ஏறிக்கொண்ட ஓட்டோவில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. குத்துப் பட்டு ஒரு நாள் முழுதாக ஆகியிருந்தது.

டொக்டர் வடக்குப் பக்கத்துப் பொடியன். கண் சிவந்து, நித்திரை கொண்டு எத்தனை நாளோ என்று தோன்றியது. கையைத் தொடாமல் முதலில் மணந்து பார்த்தான். பெயின்றா, தண்ணியில் கலக்கிறதா எண்ணெயில் கலக்கிறதா, எத்தனை மணிக்கு என்று கேட்டான். மஜீட் விளக்கிச் சொல்லும்படி கேட்க, கையின் எக்ஸ்றேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

"சின்னக் காயமெண்டு நினைச்சிட்டியள். தோலுக்குள்ளால போய், நரம்போட ஓடி, உள்ளங்கை வரைக்கும் பெயின்ற் நிக்குது. அந்த மெசின்ர வேகம் அப்பிடி. நேற்றே வெட்டித் திறந்து கழுவியிருக்க வேணும். பின்னேரத்துக்குள்ள வந்திருந்தாலும் ஏதும் செய்து பார்த்திருக்கலாம்." கொப்பளங்களைப் பார்த்தான். அவன் குரல் தடித்தது. "ஆர் சூடு வைச்சது? சூடு வைச்சா இன்னும் ஊதும். ஊதினா இரத்தம் ஓடாது. இது ஆருக்கும் தெரியாதே?"

புஸ்பம் வாயைத் திறந்தாள். சென்றியில் நெஞ்சில் தட்டித் தட்டிச் சொன்ன அதே சொல்லுக்குப் பதிலாக, அவிழ்த்த துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"நான்தான் ஐயா," என்றான் மூர்த்தி. "கெளுத்தி குத்தினா நாங்க அப்பிடித்தான். அவ வேணாம் எண்டுதான் சொன்ன. நான் கேட்கல்ல."

டொக்டர் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தாதியிடம் ஏதோ எழுதிக் கொடுத்தான். மஜீட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அந்த மஞ்சள் காதைப் பற்றி.

சுட்டுவிரலும் நடுவிரலும் அவற்றோடு சேர்ந்த உள்ளங்கைத் துண்டும் போயின. கட்டைவிரல் தப்பியது, மற்ற இரண்டும் மடங்குமா என்று பிறகுதான் சொல்லலாம் என்றார்கள். மூர்த்தி விழித்தபோது கை பெரிய வெள்ளைப் பொட்டலமாகக் கட்டிலோரத்தில் தூக்கிக் கட்டியிருந்தது. ஒரு கையால் தோணி வலிக்கலாமா, மண்வெட்டி பிடிக்கலாமா, வயல் வட்டைக்குப் போய் வேளாண்மை வெட்டலாமா என்று அவன் கேட்கவில்லை. புஸ்பமும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் விடை தெரியும்.

"டொக்டரிட்ட ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"எப்பிடி?"

"நான் வேணாம் எண்டு சொன்ன எண்டு."

"அவன் உனக்கு ஏசினா நான் கட்டில்ல கிடந்துகொண்டு என்ன செய்யிற? எனக்கு ஏசினா எனக்குப் பழக்கம்."

"ரெண்டு மணிக்குப் போவமா எண்டு கேட்டீங்க. நான்தான் மறிச்ச."

"போனாலும் வெட்டியிரிப்பானுகள்."

"அப்பிடி டொக்டர் சொல்லல்லயே."

"நான் சொல்லுறன்."

அவளுக்கு அவன் ஏச வேண்டும் போல இருந்தது. கல்யாணம் செய்த பதினாறு வருசத்தில் குழம்புக்கு உப்புக் கூடினாலும் சாரத்துக்குச் சவர்க்காரம் போதாவிட்டாலும் ஏசுகிற வாய் அது. இப்போது அந்த வாய் தண்ணீர் கேட்டது. கொடுத்தாள். குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நெல்லு என்னாச்சு?" என்றான். அவித்த நெல் காயப் போடாமல் கிடாரத்திலேயே கிடந்து புளித்திருக்கும். சீதேவி மாமி காயப்போட்டிருப்பா என்று சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சிற்றூழியர் ஒருவர் வார்டு வாசலில் வந்து அவளைக் கூப்பிட்டார். வயதான மனிதர். வெள்ளைச் சீலையில் சுற்றி, மேலே பொலித்தீன் போட்டுக் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம் கையில் இருந்தது. பாண் துண்டு அளவு.

"இது உங்கட ஆளுடையது புள்ள. சொந்தக்காரர் கேட்டாக் குடுக்கிற. இல்லாட்டி நாங்க பின்னுக்குக் கொண்டுபோய் எரிச்சிருவம். என்ன செய்யிற?"

"எரிக்க வேணாம்," என்றாள் புஸ்பம். யோசிக்க முதலே வந்துவிட்டது. "தாங்க."

ஊருக்குக் கொண்டுபோக முடியாது. வழியில் எத்தனை சென்றி. ஒவ்வொன்றிலும் இதை அவிழ்த்துக் காட்ட வேண்டும். சிற்றூழியரே வழி சொன்னார்: சோதனை இல்லாத ஒழுங்கையால் போனால் வாவிக்கரையில் ஒரு மயானம் இருக்கிறது, அங்கே குழி வெட்டுகிறவரிடம் சொன்னால் ஒன்றும் கேட்கமாட்டார். பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். அது கனக்கவில்லை. கனக்காததுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

குழி வெட்டுகிறவர் வேம்பு நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டார்.

"ஆள்?"

"ஆஸ்பத்திரியில இரிக்காரு. உசிரோட. இது அவருட விரல்."

அவர் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார். அந்த வருசத்தில் அவர் என்னென்னவோ புதைத்திருப்பார். இருந்தாலும் தலையைச் சொறிந்தார். "உசிரோட இரிக்கிற ஆளுக்கு எந்தப் பக்கம் தலைமாடு வைக்கிற எண்டு எனக்குத் தெரியாது புள்ள. கற்பூரம் கொளுத்துறதோ, கொளுத்தாம விடுறதோ..."

"கொளுத்த வேணாம். ஒரு நெருப்பும் வேணாம்."

"சரி. அங்கால கரைப்பக்கம் ஒரு மூலை கிடக்கு. நான் வெட்டித் தாறன்."

"நானே வெட்டுறன்."

"பொம்பிளையள் இஞ்ச வெட்டுறதில்ல."

அவள் அதற்குள் போய் முழங்காலில் இருந்துவிட்டாள். மண்வெட்டியை அவர் நீட்டினார், அவள் பார்க்கவில்லை. உச்சி வெயில். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டினாள். மேல்மணல் சுட்டது. ஒரு சாண் இறங்கினாள். அங்கேயும் வெதுவெதுப்பு இருந்தது. ஓரத்து மணல் சரிந்து சரிந்து குழிக்குள் விழுந்தது. அதையும் அள்ளி வெளியே போட்டாள்.

"போதும் புள்ள. அவ்வளவு ஆழத்துக்கு நாய் தோண்டாது."

அவள் நிறுத்தவில்லை. நெஞ்சு மண்ணில் படுமளவுக்குக் குனிந்து, முழங்கை மறையும் வரை இறங்கினாள். கருத்த மணல் வந்தது, பிறகு ஈரமணல். விரல்களுக்கிடையில் வாவித் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அடியில் உள்ளங்கையைப் பரப்பி வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது. இருந்தாலும் கையை எடுத்துவிட்டு, இன்னும் ஒரு பிடி தோண்டினாள்.